தொட்டாற்சிணுங்கி ஃபில்டர்களும் அசராத ஃபில்டர்களும்

டிஜிட்டல் ஃபில்டர் என்பது, ஒலி போன்ற சிக்னலில் வேண்டிய அதிர்வெண்களை விட்டு மற்றதை அடக்கும் கணக்கு. அதை வடிவமைக்கும் மென்பொருளிடம் "இந்த அதிர்வெண்ணுக்கு மேல் எதுவும் வரக் கூடாது" என்று சொன்னால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் கெழுக்களை, அதாவது அந்தக் கணக்கில் பெருக்க வேண்டிய எண்களை, கொட்டிவிடும். ஒவ்வொரு கெழுவும் புள்ளிக்குப் பின்னால் 15 இலக்கம் நீளும். ஆனால் சிப்பில் ஒரு கெழுவுக்குக் கிடைப்பது 16 பிட். சில நேரம் 12, சில நேரம் 8. மீதியை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய பிறகு ஒரு ஃபில்டர் எதுவுமே நடக்காததுபோல் வேலை செய்கிறது. இன்னொன்று தொட்டாற்சிணுங்கிபோல், கடைசி இலக்கத்தைத் தொட்டதுமே சுருண்டுவிடுகிறது. இரண்டுக்கும் காகிதத்தில் ஒரே சமன்பாடு என்பதுதான் வேடிக்கை.

ஃபிக்ஸட் பாயின்ட் (புள்ளியின் இடம் மாறாத எண் முறை) கோட் எழுதிப் பிழைக்கிறவர்கள் பலரும் இந்தச் சிக்கல் வந்தால் முதலில் கேட்பது "இன்னும் நாலு பிட் கிடைக்குமா?" என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பெருக்கியின் பரப்பளவு பிட் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி வளரும். மின்சாரச் செலவும் கூடவே ஏறும். அதைவிட முக்கியம், பெரும்பாலும் குற்றவாளி பிட் அல்ல. கணக்கை எந்த வரிசையில், எந்த உருவத்தில் அடுக்கியிருக்கிறோம் என்பதுதான். அதை மாற்றினால் அதே 16 பிட்டில், சில சமயம் 3 பிட்டில்கூட, காரியம் நடக்கும்.

முதலில் சிணுங்குவது ஏன் என்று பார்க்கலாம்.

பின்னூட்டம் உள்ள, அதாவது தன் வெளியீட்டையே மறுபடி கணக்கில் சேர்க்கும், ஒரு ஃபில்டரின் நடத்தையைத் தீர்மானிப்பவை அதன் போல்கள் (pole). ஃபில்டரின் சமன்பாட்டைப் பின்னமாக எழுதினால் கீழ்ப்பகுதியைப் பூஜ்யமாக்கும் எண்கள் இவை. போல்கள் எல்லாம் அலகு வட்டத்துக்குள் (கலப்பெண் தளத்தில் ஆரம் 1 உள்ள வட்டம்) இருந்தால் ஃபில்டர் அடங்கும். ஒன்று வெளியே போனாலும் வெளியீடு சாம்பிளுக்குச் சாம்பிள் (சிக்னலை அளந்து எடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும்) ஊதிக்கொண்டே போகும். சமன்பாட்டை நேரடியாக, அதாவது டைரக்ட் ஃபார்மில் எழுதும்போது நாம் சேமிப்பது போல்களை அல்ல. போல்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவையின் கெழுக்களை. வினை அங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு போல்களும் 0.99 என்ற இடத்தில் இருக்கட்டும். பெருக்கி விரித்தால் கெழுக்கள் 1, −3.96, 5.8806, −3.881196, 0.96059601. இதில் 5.88 இருப்பதால் எண் வரம்பை −8 முதல் 8 வரை வைத்தாக வேண்டும். 16 பிட்டில் அப்படி வைத்தால் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 1/4096 இடைவெளி வரும். ரவுண்ட் செய்வதால் 1/8192 வரை பிழை வரலாம். அதில் பாதியை மட்டும், 1/16384-ஐ, கடைசிக் கெழுவில் பிழையாக வைத்துப் பார்ப்போம். தசமத்தில் 0.000061. போல்கள் நகரும் தூரம் இந்த எண்ணின் நான்காம் மூலம், அதாவது 0.088. சுமார் 1,400 மடங்கு பெருக்கம்! பிழை ஒரு பக்கமாக விழுந்தால் ஒரு போல் 1.078-க்குப் போகிறது, 100 சாம்பிளில் வெளியீடு 1,800 மடங்குக்கு மேல் ஊதிவிடும். நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால் அது 2 மில்லி விநாடி சொச்சம்தான். பிழை மறுபக்கமாக விழுந்தாலாவது தப்பிக்கலாமா என்றால், அங்கேயும் இரண்டு போல்கள் ஜோடியாக வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

காரணம் எளிது. ஒரு போல் எவ்வளவு நகரும் என்பது, அதற்கும் மற்றப் போல்களுக்கும் உள்ள தூரங்களின் பெருக்கற்பலனால் வகுக்கப்படுகிறது. போல்கள் நெருங்கி நின்றால் தூரங்கள் சிறியவை, வகுத்தால் வருவது பெரியது. குறுகலான ஃபில்டர், தாழ்ந்த அதிர்வெண் ஃபில்டர், கூர்மையான ஃபில்டர் என நாம் ஆசைப்படும் எல்லாவற்றிலும் போல்கள் நெருங்கித்தான் நிற்கும்.

இது ஃபில்டர்காரர்களின் தனிக் கவலையும் அல்ல. எண்ணியல் பகுப்பாய்வில் ஜேம்ஸ் வில்கின்சன் என்ற கணித அறிஞர் காட்டிய எடுத்துக்காட்டு பிரபலம். 1, 2, 3 என்று 20 வரையுள்ள எண்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவையில், இரண்டாவது கெழு −210. அதிலிருந்து 0.00000012 அளவுக்குக் குறைத்தார். 20 மூலங்களில் 10 மெய்யெண் கோட்டை விட்டே கிளம்பிப் போய்விட்டன. 16-ம் 17-ம் சேர்ந்து 16.73-ஐ நடுவாகக் கொண்டு மேலும் கீழும் 2.81 தூரம் விலகிய ஒரு கலப்பெண் ஜோடியாயின. இத்தனைக்கும் அந்த மூலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுகூட இல்லை, ஒரே சீராகப் பரவியிருந்தன.

பெல் ஆய்வுக்கூடத்தின் ஜேம்ஸ் கைசர் 1965-இலேயே டிஜிட்டல் ஃபில்டர்களில் இந்த ஆபத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆர்டர் (போல்களின் எண்ணிக்கை) உயர்ந்தால் டைரக்ட் ஃபார்மை விட்டுவிட்டு, இரண்டாம் ஆர்டர் துண்டுகளாக உடைத்துத் தொடராகவோ இணையாகவோ வை என்பது அதிலிருந்து வந்த வழக்கம். இன்று பைகுவாட் என்று எல்லோரும் சொல்வது இந்தத் துண்டைத்தான். ஒரு துண்டின் போல்கள் அந்தத் துண்டின் இரண்டு கெழுக்களை மட்டுமே சார்ந்தவை. பக்கத்துத் துண்டின் பிழை இங்கே தொற்றாது. தொடராக வைத்தால், ஸ்டாப்பேண்டில் (அடக்க வேண்டிய அதிர்வெண் பகுதியில்) பள்ளம் தோண்டும் ஜீரோக்களும், அதாவது பின்னத்தின் மேற்பகுதியைப் பூஜ்யமாக்கும் எண்களும், பத்திரம். மேற்பகுதியின் கடைசிக் கெழு சரியாக 1 என்பதால், நடுக் கெழுவைச் சற்று வெட்டினாலும் அவை அலகு வட்டத்தின் மேலேயே நகரும், உள்ளே விழாது.

பலரும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பைகுவாடின் இரண்டு போல்கள் ஒன்றுக்கொன்று இணைக் கலப்பெண்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் அந்த இரண்டுமே மெய்க் கோட்டுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும். மறுபடியும் அதே நோய். எவ்வளவு மோசம் என்று பார்க்க, போல்களை வட்டத்தின் மேலேயே வைத்து, ஓயாமல் ஒரே அதிர்வெண்ணில் அலை தரும் ஓர் ஆசிலேட்டர் செய்யலாம். அதற்குத் தேவையான ஒரே கெழு, ஒரு சாம்பிளுக்கு அலை சுழலும் கோணத்தின் கோசைனை இரண்டால் பெருக்கியது. 48,000 சாம்பிள் வேகத்தில் 20 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கெழு 1.99999315. 16 பிட்டில் −2 முதல் 2 வரை வைத்தால் இடைவெளி 1/16384, அதாவது 0.000061. இரண்டுக்கு ஒரு படி கீழே உள்ள மதிப்பு தரும் அதிர்வெண் 59.7 ஹெர்ட்ஸ். அடுத்த படி 84.4. அதற்கடுத்தது 103.4. பூஜ்யத்துக்கும் 59.7-க்கும் நடுவே எதுவுமே கிடையாது. 20 ஹெர்ட்ஸ் கேட்டவருக்குக் கொடுக்க இந்தக் கட்டமைப்பிடம் சரக்கே இல்லை. அதே கெழு, அதே 16 பிட், 12,000 ஹெர்ட்ஸுக்கு அருகே போனால் ஒரு படிக்கு 0.23 ஹெர்ட்ஸ் துல்லியம் கொடுக்கிறது. நமக்குத் தேவையே இல்லாத இடத்தில் தாராளம், தேவையான இடத்தில் பஞ்சம்.

"இப்போதெல்லாம் ஃப்ளோட்தானே, இதெல்லாம் பழைய கதை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 32 பிட் ஃப்ளோட்டில் (புள்ளியின் இடம் மாறும் எண் முறையில்) 2-க்குச் சற்றுக் கீழே எண்களுக்கு இடையே உள்ள தூரம் 0.00000012. அதே ஆசிலேட்டரில் பூஜ்யத்துக்கு அடுத்த அதிர்வெண் 2.64 ஹெர்ட்ஸ். சாம்பிள் வேகத்தை 1,92,000 ஆக்கினால் அது 10.5 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். வேகமாகச் சாம்பிள் எடுத்தால் எல்லாம் நன்றாகும் என்ற நம்பிக்கை இங்கே நேர்மாறாக வேலை செய்கிறது.

நோய் தெரிந்தால் மருந்தும் கிட்டத்தட்டத் தெரிந்த மாதிரிதான். போல்கள் உட்காரக்கூடிய புள்ளிகளை அலகு வட்டத்துக்குள் வரைந்து பார்த்தால், டைரக்ட் ஃபார்மில் அவை மெய்க் கோட்டை ஒட்டி ஆங்காங்கே சிதறியும் மேலே நெருக்கமாகவும் இருக்கும். 1967-இல் கோல்டும் ரேடரும் சொன்ன கப்பிள்டு ஃபார்மில், சேமிக்கும் எண்கள் போலின் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும். அதனால் புள்ளிகள் கட்டம் போட்ட நோட்டுபோல எங்கும் ஒரே சீராகப் பரவுகின்றன. விலை, போல்களுக்கு இரண்டு பெருக்கலுக்குப் பதில் நான்கு.

அதைவிட எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. இரண்டு மாறிகள். இரண்டாவதைக் கெழுவால் பெருக்கி முதலாவதோடு கூட்டு. அப்புறம், கூட்டி வந்த புதிய முதலாவதைக் கெழுவால் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழி. ஆசிலேட்டர் அவ்வளவுதான். "புதிய" என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. பழைய மதிப்பைப் பயன்படுத்தினால் சுழல் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிதாகும். புதியதைப் பயன்படுத்தினால், 2-க்குக் குறைந்த எந்தக் கெழுவானாலும் போல்கள் வட்டத்தை விட்டு நகராது. இங்கே கெழு என்பது அந்தக் கோணத்தில் பாதியின் சைனை இரண்டால் பெருக்கியது. 20 ஹெர்ட்ஸுக்கு அது 0.002618. 1/32768 இடைவெளியுள்ள 16 பிட்டில் இது 86-ஆவது படிக்கு வெகு அருகில் விழுகிறது. ஒரு படிக்கு 0.23 ஹெர்ட்ஸ். முன்பு 59.7-க்குக் கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில் இப்போது 250-க்கும் மேற்பட்ட அதிர்வெண்கள். இந்த இடைவெளியில் 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும், பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டியவர்களுக்கு டைரக்ட் ஃபார்மே போதும். மின்னிசைக் கருவிகளில் பரவலாக இருக்கும் ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர், இந்த ஏற்பாட்டில் தணிப்புக்கு ஒரு கெழுவைச் சேர்த்ததுதான்.

இங்கே என்ன மாறியது? முன்பு கெழு 1.99999315, அதில் முக்கியமான தகவல் முழுவதும் கடைசி இலக்கங்களில் இருந்தது. முன்னால் வரும் 1.9999 வெறும் சுமை. இப்போது அந்தச் சுமையைக் கெழுவிலிருந்து கழற்றி, "பழைய மதிப்போடு கூட்டு" என்ற செயலுக்குள் வைத்துவிட்டோம். கூட்டலில் வரும் 1 எப்போதும் துல்லியமான 1. அதை யாரும் ரவுண்ட் செய்ய வேண்டியதில்லை. 1975-இல் அகர்வாலும் பரஸும் முன்வைத்த கட்டமைப்புகளும், பிறகு டெல்டா ஆப்பரேட்டர் என்ற பெயரில் கட்டுப்பாட்டுப் பொறியியலில் மிடில்டனும் குட்வினும் வளர்த்ததும் இதே எண்ணம்தான்: போல் 1-க்கு அருகே என்றால், போலைச் சேமிக்காதே, 1-இலிருந்து அது விலகியிருக்கும் தூரத்தைச் சேமி.

இதுவரை பேசியது போல்களின் நகர்வு. ஆனால் கேட்பவருக்கு வேண்டியது போல் அல்ல. எந்த அதிர்வெண் எவ்வளவு டெசிபலில் வெளியே வருகிறது என்பதுதான். இந்தக் கோணத்தில் யோசித்தவர்கள் அனலாக் உலகத்திலிருந்து வந்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகாகத் தோன்றும் வாதம் அவர்களுடையது.

இரு முனையிலும் மின்தடையால் கட்டிய, சுருளும் மின்தேக்கியும் மாறி மாறி வரும் லேடர் ஃபில்டர்கள், உதிரிபாகங்களின் மதிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாஸ்பேண்டில் (கடந்துபோக வேண்டிய அதிர்வெண் பகுதியில்) அசராமல் நிற்கும். ஏன் என்று 1966-இல் ஆர்ச்சர்ட் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். சுருளும் மின்தேக்கியும் ஆற்றலை உண்பதில்லை, உண்டாக்குவதும் இல்லை. ஆகவே மின்மூலத்தால் தர முடிந்த உச்ச ஆற்றலைவிட அதிகமாக மறுமுனைக்கு ஒருபோதும் போகாது. நல்ல ஃபில்டர், பாஸ்பேண்டின் சில அதிர்வெண்களில் அந்த உச்சத்தைச் சரியாகத் தொடும். தொடும் இடத்தில் எந்த உதிரிபாகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஆற்றல் இன்னும் மேலே போக வழியில்லை. கீழே மட்டும்தான் போகலாம். உச்சியில் வகைக்கெழு பூஜ்யம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. எனவே அந்த அதிர்வெண்களில் எல்லா உதிரிபாகங்களையும் பொறுத்து முதல் நிலை உணர்திறன் பூஜ்யம். உச்சங்களுக்கு இடையிலும் அது பெரிதாக வளர இடமில்லை.

ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஃபெட்வைஸ் 1970-களின் தொடக்கத்தில் இந்த லேடரையே டிஜிட்டலுக்குக் கொண்டுவந்தார். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அப்படியே எண்களாக்கினால் தாமதமே இல்லாத சுற்றுகள் உருவாகிக் கணக்கு முடங்கும். அதனால் அவர் இரண்டையும் கலந்து, உள்ளே போகும் அலை, திரும்பி வரும் அலை என்று மாற்றினார். வேவ் டிஜிட்டல் ஃபில்டர் பிறந்த கதை இது. பின்னர் வைத்தியநாதனும் மித்ராவும், 1984-இல், மின்சுற்று என்ற ஊன்றுகோலே இல்லாமல் இதைச் சொல்லலாம் என்று காட்டினார்கள். கெழுக்கள் எப்படி ரவுண்ட் ஆனாலும் வெளியீட்டின் அளவு 1-ஐத் தாண்டவே முடியாதபடி கட்டமைப்பே உறுதி செய்தால் போதும். ஆர்ச்சர்டின் வாதம் அப்படியே பொருந்தும்.

அப்படிப்பட்ட கட்டமைப்புகளில் மிகச் சிக்கனமானது, இரண்டு ஆல்பாஸ் ஃபில்டர்களை இணையாக வைத்து, வெளியீடுகளைக் கூட்டிப் பாதியாக்குவது. ஆல்பாஸ் என்பது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் விட்டு, கட்டத்தை (ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் எங்கே இருக்கிறது என்பதை) மட்டும் திருப்பும் ஃபில்டர். அதன் மேல் கெழுக்களும் கீழ்க் கெழுக்களும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழ் வரிசையில் இருக்கும். முதல் ஆர்டரில் கோட் ஒரே வரி: இப்போதைய உள்ளீட்டிலிருந்து முந்தைய வெளியீட்டைக் கழி, கெழுவால் பெருக்கு, முந்தைய உள்ளீட்டைக் கூட்டு. மேலும் கீழும் ஒரே கெழு, ஒரே பெருக்கல். அந்தக் கெழுவை நீங்கள் எப்படி வெட்டினாலும் மேலும் கீழும் சேர்ந்தே வெட்டுப்படும். ஆல்பாஸ் ஆல்பாஸாகவே இருக்கும்.

கைக்கடக்கமான எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். சாம்பிள் வேகத்தின் கால் பங்கில் வெட்டும் மூன்றாம் ஆர்டர் பட்டர்வொர்த் ஃபில்டரை (பாஸ்பேண்ட் மேடு பள்ளமின்றி இருக்கும் வகை) இந்த வடிவில் எழுதினால், ஒரு கிளையில் வெறும் ஒரு சாம்பிள் தாமதம். மறு கிளையில், தாமதங்களை இரண்டிரண்டாக்கிய முதல் ஆர்டர் ஆல்பாஸ். அதன் கெழு 1/3. மூன்றாம் ஆர்டர் ஃபில்டர் முழுவதற்கும் பெருக்கல் அந்த ஒன்றே ஒன்றுதான்.

இந்த 1/3-ஐ எந்த ஈவிரக்கமும் இல்லாமல் 3/8 ஆக்கிவிடுவோம். 12 சதவீதத்துக்கும் மேல் பிழை! என்ன ஆகிறது? பூஜ்ய அதிர்வெண்ணில் பெருக்கம் சரியாக 1, துளியும் மாறவில்லை. சாம்பிள் வேகத்தின் பாதியில் சரியாகப் பூஜ்யம், அதுவும் மாறவில்லை. கால் பங்கில் சரியாக 3 டெசிபல் இறக்கம், அதுவும் அப்படியே. பாஸ்பேண்டில் ஒரு சிறு குழி விழுகிறது. அதன் ஆழம் 0.0005 டெசிபல். அளந்து காட்டச் சொன்னால் அளக்கும் கருவிக்கே வெட்கமாக இருக்கும்.

ஸ்டாப்பேண்டில் நடப்பது இன்னும் சுவாரசியம். பட்டர்வொர்த்தின் மூன்று ஜீரோக்களும் அதிர்வெண் அச்சின் கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. 3/8 ஆனதும் அவற்றில் இரண்டு பிரிந்து, அலகு வட்டத்தின் மேலேயே நகர்ந்து, 48,000 சாம்பிள் வேகத்தில் 19,500 ஹெர்ட்ஸுக்கு வந்து அங்கே ஒரு பள்ளம் தோண்டுகின்றன. 19,000-க்கு மேல் எவ்வளவு அடக்குகிறது என்று மூன்று கெழுக்களை ஒப்பிட்டேன். துல்லியமான 1/3 குறைந்தபட்சம் 28 டெசிபல் அடக்குகிறது. 5/16 வைத்தால் 25. 3/8 வைத்தால் 39-க்கும் மேல். கவனியுங்கள், 1/3-க்கு அருகில் இருப்பது 5/16. 3/8 இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்கிறது. ஆனாலும் நம் தேவைக்கு அதுதான் நல்ல கெழு. போதாக்குறைக்கு 3/8 என்பது 1/4-உம் 1/8-உம் சேர்ந்தது. இரண்டு ஷிஃப்ட் (பிட் நகர்த்தல்), ஒரு கூட்டல். பெருக்கியே தேவையில்லை.

ஆகவே "அருகிலுள்ள மதிப்புக்கு ரவுண்ட் செய்" என்பதை வடிவமைப்பின் கடைசிப் படியாக வைப்பதே எனக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. ரவுண்டிங்கையும் வடிவமைப்பின் பகுதியாக்கி, கிடைக்கக்கூடிய கெழுக்களுக்குள்ளேயே நல்லதைத் தேட வேண்டும். அவன்ஹவுஸ் 1972-இலேயே இப்படித் தேடும் முறையை எழுதினார். 1983-இல் லிம், பார்க்கர் இருவரும், இரண்டின் அடுக்குகளைக் கூட்டியும் கழித்தும் வரும் கெழுக்களை மட்டும் அனுமதித்து, முழு எண் நிரலாக்கம் மூலம் சிறந்ததைத் தேடினார்கள். கழித்தலையும் சேர்ப்பதில் பெரிய லாபம் உண்டு. 15/16-ஐ சாதாரண இருமத்தில் எழுதினால் நான்கு ஒன்றுகள். 1 − 1/16 என்று எழுதினால் இரண்டே உறுப்பு. குறியுள்ள இலக்கங்களில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூஜ்யமல்லாதவை வராதபடி எழுதினால், சராசரியாக மூன்றில் ஒரு இலக்கம்தான் பூஜ்யமல்லாதது, இருமத்தில் பாதி.

பின்னூட்டமே இல்லாத எஃப்.ஐ.ஆர். ஃபில்டர்களுக்கு இவ்வளவு நாடகம் இல்லை. ஊதிப் பெருக வழியில்லை. கெழுக்கள் சமச்சீர் என்றால் ரவுண்ட் செய்த பிறகும் சமச்சீர், எனவே நேர்கோட்டுக் கட்டம் (எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே தாமதம்) காப்பாற்றப்படும். 100 கெழுக்கள், 16 பிட் என்றால் ரவுண்டிங் பிழை சராசரியாக −81 டெசிபல் அளவில் படுத்துக்கிடக்கும். 8 பிட்டில் −33. மிகப் பெரிய கெழுவே 0.1 என்றால் மேல் பிட்டுகள் மூன்று சும்மா கிடக்கின்றன. எல்லாவற்றையும் 8-ஆல் பெருக்கிச் சேமித்து, விடையை மூன்று பிட் வலப்பக்கம் தள்ளினால் 18 டெசிபல் இலவசம். இதைச் செய்யாத கோட் இன்னும் நிறைய உலவுகிறது.

ஆல்பாஸ் ஜோடிக்கு வருவோம். நான் அதை இவ்வளவு புகழ்ந்தாயிற்று, அதன் குறையையும் சொல்ல வேண்டும். பாஸ்பேண்டில் இரு கிளைகளும் ஒரே கட்டத்தில் வந்து கூடுகின்றன. ஸ்டாப்பேண்டில் எதிரெதிர்க் கட்டத்தில் வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ரவுண்டிங்கால் கட்ட வேறுபாடு 0.01 ரேடியன் பிசகியது என்று வையுங்கள். பாஸ்பேண்டில் அதன் விளைவு 0.0001 டெசிபல். ஸ்டாப்பேண்டில், முழுக்க அழிய வேண்டிய இடத்தில் 46 டெசிபலுக்கு மேல் அடக்க முடியாது. முன்னதில் பிழையின் வர்க்கம் தெரிகிறது, பின்னதில் பிழையே தெரிகிறது. 80 டெசிபல் கேட்டால் கட்டத்தை 0.0002 ரேடியனுக்குள் பிடிக்க வேண்டும். அப்போது கெழுவுக்கு நிறைய பிட் கொடுத்துத்தான் ஆக வேண்டும், வேறு மாயம் இல்லை.

இதற்கு நான் வழக்கமாகச் செய்வது, ஒரே பெரிய ஜோடியைத் துல்லியமாக்கப் போராடாமல், சுமாரான இரண்டு சிறிய ஜோடிகளைத் தொடராக வைப்பது. ஒவ்வொன்றும் 46 டெசிபல் அடக்கினால் மொத்தம் 92. பாஸ்பேண்ட் இழப்பு இரண்டு மடங்காகி 0.0002 டெசிபல். ஆர்டர் கூடுகிறது, உண்மைதான். ஆனால் ஐந்தாம் ஆர்டர் ஜோடிக்கு ஐந்து பெருக்கல்தான். பைகுவாடாக எழுதினால் போல்களுக்கு ஐந்து, ஜீரோக்களுக்கு இரண்டு, அளவுக்கு ஒன்றிரண்டு என்று போகும். வெட்டும் இடம் சாம்பிள் வேகத்தின் கால் பங்காக இருந்தால் அந்த ஐந்தும் இரண்டாகிவிடும். சாம்பிள் வேகத்தைப் பாதியாக்கும் வேலை என்றால் ஆல்பாஸ்களைக் குறைந்த வேகத்திலேயே ஓட்டலாம்; ஒரு நொடிக்கான பெருக்கல்கள் இன்னும் பாதியாகும்.

எந்தக் கட்டமைப்பை எடுத்தாலும் கடைசியில் அதிர்வெண் வரைபடத்தைச் சிப்பில் ஏறப்போகும் முழு எண்களிலிருந்தே வரைய வேண்டும். மென்பொருள் கொடுத்த 15 இலக்கத்திலிருந்து வரைந்தால் அது வேறு ஒரு ஃபில்டரின் படம். ஒவ்வொரு கெழுவையும் ஒரு படி மேலேயும் ஒரு படி கீழேயும் நகர்த்தி, வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பேன். கோடுகள் பாஸ்பேண்டில் ஒரே கோடாகத் தெரிந்து ஸ்டாப்பேண்டில் மட்டும் விரிந்தால் பிட்டைக் குறைக்க இன்னும் இடமிருக்கிறது. பாஸ்பேண்டிலேயே விரிந்தால் பிட்டைத் தொட மாட்டேன், கட்டமைப்பை மாற்றுவேன்.